தலையில்லாத கலைமான்கள்

எங்கள் நிலவறையில் பதினோரு அட்டைப்பெட்டி.
எல்லாம் ஆலை கழித்துப் போட்ட காகிதத் துடைப்பான்கள்.
மடிப்பு ஒரு விரற்கடை தள்ளிப் போனதால்
தலை அறுபட்ட கலைமான்கள்.
மஞ்சள் பூசணியாகப் பிறக்க வேண்டியது
பழுப்பேறி உருளைக்கிழங்காய் நின்றவை.
'இனிய' என்பதோடு மூச்சு விட்டுவிட்ட வாழ்த்துகள்.

ஆர்லனுக்கு நாலாம் லைனில் இராப்பணி.
விடிகாலை வீடு திரும்பும்போது
இமைமயிரில் வெள்ளைத் தூசு.
குளித்த பிறகும் காதுக்குள் கொஞ்சம் மிச்சமிருக்கும்.
பதினெட்டு வருஷமாய் எங்கள் நாலு வாய்க்கும்
காசு கொடுத்து ஒரு துடைப்பான் வாங்கியதில்லை.

பூமியைக் காப்பாற்ற நான் புறப்படவில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை, விஸ்கான்சின் முழுக்க மீன் பொரிக்கும் நாள்,
பெர்ச் மீனும் ரை ரொட்டியும் முடிந்தபின்
தட்டுகளைச் சுற்றிக் கசங்கிக் கிடந்ததை
சும்மா எண்ணிப் பார்த்தேன்.
பத்தொன்பது.
எண்ணியதுதான் தப்பு.

ஃபாக்ஸ் ஆற்றில் பனிக்கட்டி உடைகிற வாரம்
கால்மாட்டில் கிழிந்த நீல ஃப்ளானல் விரிப்பை
மேசைமேல் போட்டுப் பன்னிரண்டாக வெட்டினேன்.
ஓரம் தைத்தேன். கோணல்தான்.
ஆளுக்கு ஒரு நிறத்தில் துணி கவ்வும் கிளிப்.

முதல் ராத்திரி
ஆர்லன் அதை அழையா விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
எம்மெட் முகர்ந்து பார்த்துவிட்டு,
"இது நம்ம பழைய பெட்ஷீட்.
இதுல நான் மூத்திரம் போயிருக்கேன்" என்றான்.
பிரிட்டா மட்டும் மெதுவாக,
"எல்லாரும் இப்படி மாத்திட்டா
அப்பாவுக்கு வேலை போயிடுமா?"

முள்கரண்டிகள் நின்றன.
குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது.
"அந்த பீன்ஸை இப்படித் தள்ளு" என்றார் ஆர்லன்.
புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.
மறுநாளும் புறங்கை.
அதற்கு மறுநாளும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சனிக்கிழமை துவைக்கப் போடும்போது
அவருடையது மட்டும் போட்ட மடிப்பு கலையாமல் வரும்.
பிரிட்டாவுடையதில் பீட்ரூட்.
எம்மெட்டுடையதைப் பிரித்தால்
மென்று துப்பி மறைத்த முட்டைக்கோஸ்.
காகிதக் காலத்தில் எத்தனை முட்டைக்கோஸ்
எனக்குத் தெரியாமல் குப்பைக்குப் போயிருக்குமோ.

ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டு பதினொன்றானது.
உலர்த்தியின் வயிற்றுக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
சோபாவைப் புரட்டினேன்.
பூனையை எழுப்பி அடியில் பார்த்தேன்.
கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் ஆர்லனின் சாப்பாட்டு டப்பாவில்
கொக்கி உடைந்திருக்கிறதென்று திறந்தேன்.
அடியில் நீல ஃப்ளானல்.
நாலாய் மடித்து, ஓரத்தோடு ஓரம்
மயிரிழை பிசகாமல்,
அவருடைய இயந்திரம் மடிக்கிற மாதிரியே.
ஒரு மூலையில் கடுகு.
நூல் இடுக்கெல்லாம் ஆலைத் தூசு.

நிமிடத்துக்கு மூவாயிரம் காகிதம் பறக்கிற இடத்தில்,
இரவு இரண்டு மணிக்கு,
மனிதர் மடியில் துணி விரித்து
சாண்ட்விச் தின்றிருக்கிறார்.
பக்கத்து லைன் ஆட்கள் என்ன சொன்னார்களோ.
கேலி செய்திருப்பார்கள்.
செய்யாமல் விட்டிருப்பார்களா?

துவைத்தேன். காய வைத்தேன்.
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
என் மடிப்பு அவ்வளவு நேராக வரவில்லை,
மூன்று முறை முயன்றும்.

வெள்ளிக்கிழமை மீன் தட்டைப் பார்த்தபடியே,
"மூலையில தையல் பிரியுது" என்றார்.
எந்த மூலை, எதில் என்று நான் கேட்கவில்லை.
எழுந்து ஊசி தேடப் போனேன்.

பெட்டிகள் இன்னும் கீழேதான் இருக்கின்றன.
எம்மெட்டுக்கு ஜலதோஷம்.
படியேறி வருகிறான்,
ஒரு கலைமானின் பின்கால்களில்
மூக்கைச் சிந்திக்கொண்டே.