எதிர்வினை

"அதோ பாருங்கள், யானைக் கூட்டம் வருகிறது."
எங்கள் மாசாய் மொழியில் இந்த ஒரு வரிதான்.
பஞ்சுறை போட்ட மைக்கின் முன்னால்
இருபது தடவை சொல்லவைத்தாள் அடோங்கோ.
அதட்டாதே பர்மெரெஸ்,
மாடு வருகிறது என்பாயே, அப்படிச் சொல் என்றாள்.
சொன்னேன்.

மறுநாள் புதரில் ஒளித்த ஒலிபெருக்கியிலிருந்து
நான் பேசினேன்.
ஜீப்புக்குள் வாய்மூடி உட்கார்ந்து
நானே கேட்டேன்.
பிறைக்காதி தலையை உயர்த்தினாள்
(இடக்காதில் கிழிசல், வயது ஐம்பதுக்கு மேல்).
தும்பிக்கைகள் எல்லாம் காற்றுக்குள் எழுந்தன.
குட்டிகளை நடுவில் விட்டு
விலாவோடு விலா ஒட்டி
ஒரு பிளிறலும் இல்லாமல்
குடைவேல நிழலை விட்டுப் போனார்கள்.
தூசி அடங்க நாலு நிமிடம்.

அதே வரியை என் மனைவி நோலாரி சொன்னபோது
புல் பிடுங்குவதை அவர்கள் நிறுத்தவில்லை.
ஏழு வயது மகன் சொன்னபோதும்.
கம்பா உழவர் ஒருவர் தம் மொழியில் சொன்னதற்கு
காதை ஒரு முறை விசிறியதோடு சரி.

நான் ஈட்டி எறிந்தது ஒரே தடவை.
பத்தொன்பது வயதில். குறி தப்பியது.
இதை அடோங்கோவிடம் சொல்லவில்லை.
பிறைக்காதியிடம் யார் சொன்னார்களோ.

பிறகு என் குரலை வேலைக்கு வைத்தார்கள்.
ஆற்றோரத் தக்காளித் தோட்டத்துக் கம்பத்தில்
சூரியத் தகடு, பேட்டரி, நான்.
வீட்டில் குறட்டை விட்டபடியே
இரவெல்லாம் காவல் காத்தேன்.
அந்தப் பருவம் விஷம் வைத்த பூசணி இல்லை,
தீப்பந்தம் இல்லை,
யாரும் சாகவில்லை, இரண்டு தரப்பிலும்.

ஏழாம் மாதம், நிலா இல்லாத இரவு.
கேமராவில் எல்லாம் இருக்கிறது:
நான் கத்துகிறேன். அவள் நிற்கிறாள்.
தும்பிக்கை நுனியைக்
கம்பத்தின் அடியிலிருந்து உச்சிவரை
மெல்ல ஏற்றுகிறாள்.
வியர்வை இல்லை.
சாணப் புகை இல்லை.
போர்வையில் பூசிய செம்மண் இல்லை.
அதோ பாருங்கள் என்கிறேன், அவள் முகத்துக்கு நேரே.
பெட்டியைக் கழற்றி, உடைக்காமல்,
கரைச்சேற்றில் வைக்கிறாள்.
அங்கிருந்தும் விடியும்வரை பேசியிருக்கிறேன்,
பின்னணியில் தக்காளி மெல்லும் சத்தம்.

படிவத்தில் 'எதிர்வினை' என்றொரு கட்டம்.
பின்வாங்கியது, ஒன்றுகூடியது, பொருட்படுத்தவில்லை:
மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.
அடோங்கோ பேனாவை என்னிடம் நீட்டினாள்.
மூன்றுக்கும் கீழே கோடு கிழித்து
எழுதினேன்:
ஆளைத் தேடியது.