பதினேழு தரம்

ஒரு இரவுக்கு நாற்பது தடவை
கை கழுவுகிறவள் நான்.
வின்னிபெக்கின் வடக்கு முனை,
முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடி.
கதவுக்குக் கதவு ஒரு போத்தல் தொங்கும்,
அமுக்கினால் குளிர்ந்த சாராய நெடி.
விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு,
இருபது விநாடி எண்ணி முடித்து
அடுத்த அறைக்குள் கால் வைக்குமுன்
நடுவிரலால் கண்ணாடியை
மூக்கின்மேல் தள்ளிக்கொள்கிறேனாம்.

சொன்னவள் மரிசெல்,
தொற்றுத் தடுப்புத் தாதி.
அரை மணி நேரம் நடைபாதையில் நின்று
அட்டையில் கோடு கோடாகக் கீறியிருந்தாள்.
"பதினேழு தரம்."
எதை என்று கேட்டபடியே
பதினெட்டாவது தரம் தள்ளினேன்.

சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள்.
ஈரப் பஞ்சுக்குச்சியால்
வில்லையை ஒரு இழுப்பு,
காதுக்கொக்கியை ஒரு இழுப்பு,
மூக்குத்தாங்கிகளை மட்டும் உருட்டி உருட்டி.
மூன்று வட்டத் தட்டுகளில் தேய்த்து
மூடியில் என் பெயரை எழுதிக்கொண்டு போனாள்.
எழுத்துப் பிழையோடு.

இரண்டு நாள் கழித்து வந்தன தட்டுகள்.
வில்லை: எட்டோ பத்தோ புள்ளி.
கொக்கி: கொஞ்சம் சனம்.
மூக்குத்தாங்கியில் நிற்க இடமில்லை,
வெள்ளை, வெளிர்மஞ்சள், ஒன்றின் தோளில் ஒன்று,
ஜனவரி மாதத்து வாக்-இன் கிளினிக் மாதிரி.

"பெரும்பாலும் உன் தோலில் இருப்பவைதான்,
உன்னை ஒன்றும் செய்யாது" என்றாள்.
என்னைச் செய்யாதது சரி,
முந்நூற்றுப் பன்னிரண்டில் கோவால்ச்சுக்,
அவர் முதுகில் மூடாத புண்,
அதற்குத் துணி மாற்றுவது இந்த விரல்.
மரிசெல் அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.
பன்னிரண்டின் வாசலில் மட்டும் நான்கு கோடு.

ஒன்பது வருஷமாக ஒரே பிரேம்.
அழும்போது கழற்றி, அழுது முடிந்ததும்
சட்டை நுனியில் துடைத்து மாட்டியிருக்கிறேன்.
துடைத்ததெல்லாம் பார்க்கிற இடத்தை.
பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தை
ஒரு நாளும் நினைத்ததில்லை.

காலை ஏழேகால், மைனஸ் இருபத்தொன்பது.
பஸ்ஸில் ஏறிய கணமே
இரண்டு வில்லையும் பாலாகிவிட்டன.
கழுத்துத் துண்டின் நுனி
தானாகக் கைக்கு வந்தது.
விட்டுவிட்டேன்.
செல்கர்க் அவென்யூ வரும்வரை
யாருடைய தோளில் இடித்தேனென்று தெரியாமல்
இரண்டு தரம் சொறி சொன்னேன்.

வீட்டில் குழாயைத் திறந்து
வெதுவெதுப்பு வரும்வரை காத்திருந்தேன்
(கொதிநீர் என்றால் பூச்சு உரியுமாம்).
பாத்திர சோப்பு ஒரு சொட்டு.
கட்டைவிரலால் மூக்குத்தாங்கியைத் தேய்க்க
பச்சையாய் ஏதோ கழன்றது,
அல்லது பச்சை என்று நினைத்தேன்.
கண்ணாடி கையில் இருந்ததால்
எதைக் கழுவுகிறேன் என்று
எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

உலர்த்தி மாட்டினேன்.
பிசுக்குப் போன மூக்கில் அது நிற்கவில்லை,
வழுக்கிக்கொண்டு இறங்கியது.
நடுவிரல் எழுந்து
பாதி வழியில்
என்னைப் பார்த்தது.