ஏழு இஸ்திரிப்பெட்டிகள்

செவ்வாய்க்கிழமை கொட்டகையைத் திறக்கப் போனால்
ஷட்டர் ஓரத்தில் மறுபடி ஓர் இஸ்திரிப்பெட்டி.
இதோடு ஏழு.
உடுத்த துணியோடு ஓடிவந்த பெண்ணுக்கு
முதலில் வேண்டியது கசங்காத சட்டை என்று
இன்வர்கார்கில் ஊரே நம்புகிறது போல.

தெற்குக் காற்றுக்கு இங்கே தடுப்பில்லை.
கடலைத் தாண்டினால் பனிதான்.
நைரி கையுறையின் விரல்நுனிகளை வெட்டி எறிந்துவிட்டு
மூட்டைகளைப் பிரிக்கிறாள்.
பாக்கெட் துழாவுவது என் வேலை.
பஸ் டிக்கெட், புதினா மிட்டாய்,
"பால், பல்பு, டோட்டிக்கு போன்" என்று ஒரு துண்டுச்சீட்டு.
தையலையும் நெருடிப் பார்க்க வேண்டும்.
போன வருடம் ஒரு கரடிபொம்மையின் வயிற்றுக்குள்
பொத்தான் அளவில் ஏதோ ஒன்று
தான் இருக்கும் இடத்தை
யாருக்கோ சொல்லிக்கொண்டே இருந்தது.
அன்றிரவே காப்பகம் வீடு மாறியது.
புது முகவரி எனக்குத் தெரியாது.
வேன் ஓட்டும் லெஸ்ஸுக்கும் தெரியாது;
பாதி வழியில் இன்னொரு வேன் காத்திருக்கும்.

கொடுப்பவர்களைக் குறை சொல்லாதே என்பாள் நைரி.
நான் சொல்வேன்.
காதில்லாத கோப்பை,
நாய் படுத்த போர்வை,
முக்கால்வாசி முடித்த ஜிக்சா.
ஆனால் யாரோ ஒருவர்
வாரம் தவறாமல் புது உள்ளாடைகளை
எல்லா அளவிலும், விலைச்சீட்டு கிழிக்காமல்
கதவில் தொங்கவிட்டுப் போகிறார்.
அவரைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை.

நானும் கொடுத்தேன்.
கல்யாணத்துக்கு வந்த நீலக்கரைத் தட்டுகள், ஆறு.
முப்பது வருடம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவை.
அலமாரியின் நடுத்தட்டில்
கண்ணில் படுகிற மாதிரி நானே அடுக்கினேன்.

பதினோரு மணிக்கு ரோவினா வந்தாள்.
கவுன்சில் வீடு கிடைத்துவிட்டதாம்.
கூடவே கஹு, மூன்று வயது,
பூட்ஸை இடம்வலம் மாற்றிப் போட்டவன்.
"எது வேணுமோ எடுத்துக்கோ" என்றாள் நைரி.

ரோவினா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்,
மியூசியத்தில் நிற்பவள்போல.
"எத்தனை எடுக்கலாம்?"
எவ்வளவு வேண்டுமானாலும்.
"கணக்கு யார்கிட்ட காட்டணும்?"
நைரி டீ போடப் போய்விட்டாள்.
விசிலடிக்காத கெட்டில்தான்.
அது இங்கே சட்டம்.

ஒரு கோட்டு எடுத்தாள், சாம்பல் நிறம்,
காலையில் நான் துழாவி வைத்தது.
இரண்டு தலையணை.
ரொட்டிக்கத்தியை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.
விளிம்பு பெயர்ந்த மஞ்சள் கிண்ணம் ஒன்றை
வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.
என் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.
"அழகா இருக்கு" என்று திரும்ப வைத்தாள்.
"உடைஞ்சா பயமா இருக்கும்."
எனக்குச் சுருக்கென்றது, ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு கேட்டாள்: "ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

தேடினோம்.
ஏழு இஸ்திரிப்பெட்டி, ஒன்பது ஏப்ரன்,
மாதாகோவிலுக்கே போதுமான மெழுகுவர்த்தித் தாங்கிகள்.
ஸ்க்ரூடிரைவர் இல்லை.
"தாழ்ப்பாள் வாங்கிட்டேன்.
கதவுக்கு உள்பக்கம் போடணும்."
"நான் வந்து மாட்டித் தரேனே,
வீடு எங்க" என்று ஆரம்பித்த லெஸ்
வாயை மூடிக்கொண்டான்.
காது சிவக்க வெளியே போய்
வேனிலிருந்து தன்னுடையதைக் கொண்டுவந்தான்.
சிவப்புப் பிடி, அதில் நாயின் பல்தடம்.
கோட்டுப் பாக்கெட்டில் போட்டாள்.
பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
போகும் வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஷட்டரில் ஒட்டும் பட்டியலில்
பெட்ஷீட்டுக்கும் மேலே
ஸ்க்ரூடிரைவர் என்று பெரிதாக எழுதினேன்.
"இஸ்திரிப்பெட்டி போதும்" என்றும் எழுதினேன்.
அதை நைரி அடித்துவிட்டாள்.

தட்டுகளை வீட்டுக்கே திருப்பி எடுத்து வந்தேன்.
இரவு அதில்தான் சாப்பிட்டோம், மீனும் சிப்ஸும்.
கழுவும்போது ஒன்று வழுக்கி
தொட்டியில் இரண்டாகப் போனது.
அடுத்த அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.
"என்ன சத்தம்?" என்றார். "தட்டு" என்றேன்.
"கையைப் பார்த்துக்கோ" என்றார்.
முப்பது வருடத்தில் அன்றுதான்
அந்தக் குரலை
நின்று கேட்டேன்,
ஈரக் கையோடு.