பக்கத்து அறை

பள்ளத்தூர் வீட்டில் எட்டுப் புள்ளி.
வளவு ஓரத்தில் எங்களுக்கு ஓர் அறை.
அதன் சுவரில்தான் உப்புப் பூத்தது.

மாமனார் சிமெண்டு பூசி
மேலே எனாமலும் அடித்திருந்தார்.
அப்பளம்போல் எழும்பிவிட்டது.
கொத்தனார் இருளாண்டி மூன்று நாள் செதுக்கினார்.
“சுண்ணாம்பு மூச்சு விடட்டும், ஆச்சி.”
(எனக்கு வயது முப்பத்து நாலு.
இங்கே தாலி ஏறினால் ஆச்சிதான்.)

ஐப்பசி முதல் மழையில்
சுண்ணாம்பும் நனைந்தது.
“ஈரம் நம்மது இல்லை, பக்கத்து அறை.”
பக்கத்து அறை ஈப்போவில் இருக்கிறது.

வீடியோவில் வயிரவன் அண்ணன்
தலையைச் சொறிந்தார்:
“சாவி எந்தப் பெட்டியிலோ.
மாசிக்கு வர்றேன், பார்ப்போம்.”
மாசியில் மழை ஏது.

பூட்டைத் தொடாமல்
இருளாண்டி கூரை ஏறினார்.
ஏழு ஓட்டை விலக்கி
சட்டங்களின் இடுக்கில் டார்ச்சை இறக்கினார்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
“நேர் கீழ ஒரு பித்தளை அண்டா வச்சிருக்காக.
நெறைஞ்சு வழியுது, ஆச்சி.”

தெரிந்துதான் பூட்டியிருக்கிறார்கள்.

ஏழும் புது ஓடாகப் போடச் சொன்னேன்.
ரசீதை எந்தப் புள்ளியில் எழுதுவதென்று
இன்னும் முடிவாகவில்லை.
அண்டாத் தண்ணீர் மாசிவரை வற்றாது.
சுவருக்கு இந்தப் பக்கம்
கட்டிலை ஒரு சாண்
தள்ளிப் போட்டிருக்கிறேன்.