மிட், ஆறரை

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
காரேஜில் கார் இல்லை.
துணி துவைக்கும் எந்திரத்தின் மேல்
இரண்டு ஸ்பீக்கர் கேபினட்,
அதன் மேல் நூறு வாட் ஆம்ப்,
அதன் மேல் நேற்று பன்னி சௌ தின்ற காகிதம்.

பத்து மணி வரைதான் கரண்ட்.
பிறகு லோட் ஷெடிங், இரண்டரை மணி நேரம்,
பிரிட்ஜும் பக்கத்து வீட்டுச் சண்டையும்
ஒன்றாக அடங்கிவிடும்.
அதற்குள் எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்.

எந்தச் சத்தம் என்று கேட்டாள் லெவாஷ்னி,
டிரம் தோலை முறுக்கிக்கொண்டே.
லாரி ஒன்று சரளைக்கல் கொட்டுகிறது,
ஆனால் ஒவ்வொரு கல்லும்
தனித்தனியாக விழுவது கேட்கிறது.
அப்படி.

ஆறாம் கம்பியை இறக்கினேன்,
இன்னும் இறக்கினேன்,
அது தொங்கிப்போய் முனகும்வரை.
தடித்த கம்பி வாங்கி மாட்டினேன்.
கெயின் ஒன்பது. பேஸ் எட்டு. ட்ரெபிள் எட்டு.
மிட்டை மட்டும்
தேங்காய் மூடியைத் துருவுவதுபோல்
ஓடு தெரியச் சுரண்டி எடுத்தேன்.

தனியாக வாசித்தேன்.
கடவுளே.
காரேஜ் கதவின் தகரம் நடுங்கியது.
எந்திரத்துக்குள் யாரோ மறந்த ஐந்து ராண்ட் காசு
ஆமாம் ஆமாம் என்றது.
இருபத்தெட்டு வயதில் முதல்முறையாக
நான் பெரிய உடம்புக்காரி என்று தோன்றியது.

பிறகு லெவாஷ்னி அடித்தாள்.
தெஷன் பேஸோடு உள்ளே வந்தான்.
நான் காணாமல் போனேன்.

கை அசைகிறது, கம்பி அதிர்கிறது,
கேட்பதெல்லாம் சிம்பலும் பேஸும்.
நான் இருக்கவேண்டிய இடத்தில்
தூரத்து மழை மாதிரி ஒரு ஷ்ஷ்.
கெயினைக் கூட்டினேன், இன்னும் கரைந்தேன்.
வால்யூமைக் கூட்டினேன், தெஷனும் கூட்டினான்.
பத்து மணிக்கு எல்லாரையும்
ஒரே கை அணைத்தது.

கம்பி வலைக்குப் பின்னால்
வால்வுகள் மெல்லச் சிவப்பை விட்டன.
இருட்டில் சண்டை போட்டோம்.
"நீ தனியா இருக்கும்போது மட்டும்தான்
நல்லா இருக்கே" என்றான் தெஷன்.
கிட்டாரைத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

அவர்கள் போனார்கள். நான் போகவில்லை.
கிட்டார் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

விடியுமுன் ஹடீடா கத்தியது.
அரிவாள்மூக்கன், எங்கள் கூரையில் மூன்று.
ஹிக்கின்சன் சாலையில் டாக்சிகளின் ஹார்ன்,
எதிர்வீட்டில் யாரோ அணைக்க மறந்த ஜெனரேட்டர்,
எங்கிருந்தோ புல் வெட்டும் எந்திரம் வேறு.
அத்தனையையும் கிழித்துக்கொண்டு
அந்த ஒரு குரல்.
அதற்கு அடித்தொண்டை இல்லை, உச்சியும் இல்லை.
நடுவிலே நின்று நடுவிலேயே கத்துகிறது.
அழகாக இல்லை.
ஆனால் யார் அது என்று
யாரும் கேட்பதில்லை.

எழுந்து ஆம்ப்பைப் போட்டேன்.
கேபினட்டைத் தரையில் இறக்கினேன், முதுகு பிடித்தது.
பேஸ் நான்கு. அது தெஷனின் வீடு,
அங்கே எனக்கு என்ன வேலை.
கெயின் ஐந்து:
ஒளிந்துகொள்ள இடமில்லை,
விரல் செய்த தப்பெல்லாம் வெளியே வந்து நின்றது.
மிட் ஆறரை.
தனியாகக் கேட்க அசிங்கம்.
சளி பிடித்த வங்கிக் குமாஸ்தா
கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
அடுத்த ஆள் என்று கூப்பிடுவதுபோல்.

சனிக்கிழமை மூவரும் வாசித்தோம்.
நான்காவது அடியில்
லெவாஷ்னி தலை தூக்கிப் பார்த்தாள்,
"வந்துட்டியா?"
கல் விழுந்தது. ஒவ்வொன்றாக விழுந்தது.
தெஷன் ஒன்றும் சொல்லவில்லை,
அவன் வால்யூம் தானாகக் குறைந்தது.

அவளுடைய சிவப்பு நகப்பூச்சால்
ஒவ்வொரு குமிழிலும் கோடு போட்டுவைத்தோம்.

மறுநாள் ஃபீனிக்ஸில், ஒரு கல்யாண மண்டபத்தில்,
அதே கோடு, அதே எண், அதே கை.
வேறு சத்தம்.
தாழ்ந்த கூரை, ஈரச் சுவர்,
அடுக்கிவைத்த இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி,
எல்லாம் சேர்ந்து எதையோ தின்றுவிட்டன.
முன்வரிசையில் ஒரு பையன்
காதைப் பொத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

குனிந்தேன்.
கோட்டைத் தாண்டித் திருகினேன்.
ஏழு.
ஏழே கால்.