மூன்றாவது ஹோஸ்

தொப்பூர் ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது.
ஏசியை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன்,
பின்சீட்டுக்குக் கேட்காமல் ஒரு சாமி பேரும் சொன்னேன்.
பானெட் இடுக்கில் ஆவி.
பக்கத்தில் லாரிகள் முதல் கியரில் முனகிப் போயின.
பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி
மண்டிக்கு நேரமாச்சு என்று
தருமபுரி பஸ்ஸுக்குக் கைகாட்டி ஏறிவிட்டார்.
அரை வாடகைகூடக் கேட்க வாய் வரவில்லை.

கொதிக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது.
காருக்கும் சரி,
தீர்த்தகிரிக்கும் சரி.

அவன் என் தங்கை வீட்டுக்காரன்.
இந்த இண்டிகாவில் பாதி அவனுடையது.
எந்தப் பாதி என்பதுதான் வழக்கு.
டயர் நான் போட்டது, பேட்டரி அவன்.
இன்சூரன்ஸ் கட்டியது யார் என்பதற்கு
இரண்டு நோட்டு, இரண்டு கையெழுத்து.
ஆடியில் நின்ற பேச்சு
மாசி வந்தும் கிளம்பவில்லை.
சாவி மட்டும் தங்கச்சி கையால்
வந்து போய்க்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை, இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு
மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தேன்.
வெந்த குடல்போல அமுங்கியது.
வளைவில் இருந்த வெடிப்புக்குள் நகம் போனது.
கிளிப்பைச் சுற்றி வெள்ளை பூத்திருந்தது.
கீழ் ஹோஸ் எண்ணெய் குடித்து உப்பிக் கிடந்தது.

அவன் வந்தான்.
நான் கூப்பிடவில்லை.
கையில் பேப்பரில் சுற்றிய மூன்று ஹோஸ்.

எதற்கு மூன்று?
கேட்டால் பேசியதாகிவிடும்.

அடித்திருகைத் திறந்தான், நான் பேசினைத் தள்ளினேன்.
கூலண்ட் என்று பேர்தான்,
வரக்காப்பி நிறத்தில் வந்தது,
பின்னாலேயே செதில் செதிலாய் வெள்ளை.
"போர் தண்ணி ஊத்தியிருக்காங்க" என்றான்,
காரைப் பார்த்து.

என்னிடம் பதில் இருந்தது.
நல்லம்பள்ளி தாண்டி நடுரோட்டில்
யார் கேன் தண்ணீரோடு நிற்கிறார்கள்?
ஆனால் சொல்லும்போது அவன் பல்லில்
எங்கள் பக்கத்துப் பழுப்புக் கோடு தெரிந்தது.
எனக்கும் உண்டு, அதே கோடு.
ஒரே அடிபம்பில் வாய் வைத்துக் குடித்தவர்கள்.
ரேடியேட்டர் பாவம்,
அதற்குச் சிரிக்கத் தேவையில்லை,
அதனால் யாரும் பார்க்கவில்லை.

பேசினை மோந்துகொண்டு ஒரு செவலை நாய் வந்தது.
கூலண்ட் இனிக்குமாம். நக்கினால் பிழைக்காது.
"ச்சூ!"
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
ஏழு மாதத்தில் சேர்ந்து சொன்னது அதுதான்,
அதைச் சொல் என்று சேர்த்துக்கொண்டால்.

பழைய ஹோஸை இழுக்கக் கூடாது.
இழுத்தால் ரேடியேட்டரின் கழுத்து உடையும்.
பிளேடால் நீளவாக்கில் கீறி
பட்டை உரிப்பதுபோல் உரிக்க வேண்டும்.
உரித்தோம்.
மேலது போட்டாயிற்று, கீழது போட்டாயிற்று.
மூன்றாவதைப் பிரித்தான்:
விரல் தடிமன், ஒரு சாண் நீளம்,
இஞ்சினுக்குப் பின்னால், தீச்சுவரை ஒட்டி,
கை மட்டும் பார்க்கக்கூடிய இடம்.
எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.
"இது போச்சுன்னா தொப்பூர்ல நிக்காது.
ஒகேனக்கல் எறக்கத்துல, ராத்திரியில நிக்கும்."
இதை என்னைப் பார்த்துச் சொன்னான்.

அவன் கை தடி. என் கைதான் நுழைந்தது.
அவன் டார்ச் பிடித்தான்.
"இன்னும் கால் சுத்து."
"போதுமா?"
"போதும் போதும், ரப்பரை அறுத்துடும்."

பச்சைத் தண்ணீர் ஊற்றி
மூடி போடாமல் ஓடவிட்டோம்.
உள்ளே மாட்டிய காற்று
குமிழ் குமிழாய் வந்தது, நேரம் எடுத்தது,
நின்றது என்று நினைத்தபோது இன்னும் ஒன்று.
ஃபேன் சுழன்றது. முள் நடுவில் உட்கார்ந்தது.

மேல் ஹோஸ் முந்நூற்று எண்பது, கீழது நானூற்று இருபது
என்று என் நோட்டில் அவனே எழுதினான்.
சின்னதை எழுதவில்லை.
சாவியை வழக்கம்போல் தங்கச்சியிடம் கொடுத்துப் போனான்.

காருக்கடியில் பேப்பர் விரித்து
சாயங்காலம்வரை மூன்று தடவை குனிந்து பார்த்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
இருந்திருந்தால்
கூப்பிட்டிருக்கலாம்.