இருபத்திரண்டரையில் ஒரு பங்கு

வார்ப்பு உலையை நாளுக்கு ஒருமுறைதான் மூட்டுவேன்,
பல்லுக்காக.
எஞ்சினுக்கென்று தனியாக மூட்டினால்
மின்கட்டணச் சீட்டு வீட்டில் பேச ஆரம்பித்துவிடும்.
அதனால் பொன்னுரங்கத்தின் கடைவாய்ப் பல் நின்ற
மெழுகுத் தண்டிலேயே
இன்னொரு காம்பு ஒட்டி
என் எஞ்சினின் சேஃப்டி வால்வு மூடியையும் நட்டேன்.
ஒரே வளையம், ஒரே நிக்கல் குரோம்.
மெழுகு உருகி ஓடிப்போன இருட்டில்
இரண்டும் ஒரே வீச்சில் நிறைந்தன.

எஞ்சின் என்றால்,
முதலில் அது ஒரு ஜெர்மன் பொம்மை.
மூர் மார்க்கெட்டில் தொள்ளாயிரம் ரூபாய்.
நாலு சக்கரம், பல்லுடைந்த கியர்.
அந்தப் பல்லுக்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னால்
என் தொழிலை அறிந்தவர்கள் நம்புவார்கள்.

கூண்டை அறுத்துத் தள்ளினேன்.
கொதிகலனுக்கு இரண்டங்குல பி.வி.சி. குழாய்,
அதைச் சுற்றி மெல்லிய பித்தளைத் தகடு.
தகட்டின் முதுகில் தையல்கடைப் பல்சக்கரத்தை உருட்டினால்
முகத்தில் எழும்பும் ரிவெட் தலைகள்,
முந்நூற்றுப் பதினாறு.
எண்ணாதே என்றார் இவர்,
தறிக்கு ஷிஃப்ட் போகிற அவசரத்தில்.
எண்ணினேன்.

நாலு சக்கரத்தை ஆறாக்கியதில்தான் வம்பு.
மாடியில் நாலடி ஆரத்தில் வளைத்த தண்டவாளம்
புதிய நடு அச்சை ஒத்துக்கொள்ளவில்லை.
கொடிக்கம்பத்தடியில் வந்ததும்
ஒரு பக்கம் ஏறி
அப்படியே சாய்ந்து படுத்துவிடும்
நகரி மலையைப் பார்த்தபடி.

நீலத்தாளை எடுத்தேன்.
நோயாளியின் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார்களே, அது.
தண்டவாளத்தில் விரித்து மெதுவாக ஓட்டினேன்.
இடிக்கும் இடமெல்லாம் நீலம்.
நடுச்சக்கரத்தின் விளிம்பு முழுக்க நீலம்.

விளிம்பைச் சீவி எடுத்தேன்.
இனி அது எதையும் பிடித்துக்கொள்ளாது,
பாரத்தை மட்டும் சுமக்கும்.
நிஜ எஞ்சின்கள் சிலவற்றிலும்
நடுச்சக்கரம் இப்படித்தான் என்று எங்கோ படித்தேன்.
யாரோ நமக்கு முன்னால் இந்தத் தப்பைச் செய்து
அதை முறையாக்கியிருக்கிறார்கள்.

துணியெடுக்க வந்த நாகமணி
"இதி ஏம் பண்டி?" என்றாள்.
கூட்ஸா, பாசஞ்சரா?
இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்,
பாதி அவள் பாஷையில், பாதி என் பாஷையில்.
எந்த ஊருக்கு?
தண்ணீர்த் தொட்டிக்கு.
ஈரப் புடவையைத் தூக்கிப் பிடித்து
வழிவிட்டாள்.

வியாழக்கிழமை புத்தூரிலிருந்து போன்.
"சசிரேகா," என்றார் டாக்டர் பார்கவி,
"பொன்னுரங்கத்துக்கு மூடி அனுப்பியிருக்கிறீர்கள்.
எதன் மூடி என்றுதான் தெரியவில்லை."

மேஜையிலிருந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தேன்.
கீழ்த்தாடை, இடப்பக்கம்,
முப்பத்தாறாம் எண்.
ஐந்து மேடுகள், நடுவில் நான் செதுக்கிய பள்ளம்.

சும்மா, கொதிகலன்மேல்
மூடிக்கென்று விட்டிருந்த முளையில் வைத்தேன்.
உட்கார்ந்தது.
என் கையால் செய்த எதுவும்
முதல் தடவையே இப்படி உட்கார்ந்ததில்லை.
கணக்குப் பார்த்தேன்:
இருபத்திரண்டரையால் பெருக்கினால்
ஒரு மனிதனின் கடைவாய்ப் பல்
கால் மீட்டர் அகலம்.

பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.
ஒரே ஒரு சுற்று.
கொடிக்கம்பம் தாண்டியது.
வளைவில் நடுச்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி
திரும்ப வந்து சேர்ந்தது.
தொட்டியடியில் நின்றபோது
வெயிலில் பல் மட்டும் மினுங்கியது.

கழுவி, கொதிக்கவைத்து,
கண்டக்டரிடம் கையில் கொடுத்தேன்.
கச்சிதமாகப் பொருந்தியதாம்,
தீட்டவே வேண்டியிருக்கவில்லையாம்.
பொன்னுரங்கம் இப்போது முறுக்கு கடிக்கிறார்,
தன் பல் ஒருமுறை ரயிலின் கூரையில் போனது தெரியாமல்.

திரும்பி வந்த வால்வு மூடி
முளையில் கொஞ்சம் ஆடுகிறது.